திக்கிய நாவும் திரையாண்ட குரலும்: ஆங்கில நடிகர் கிளாட் ரெயின்ஸ்

நடிகன் என்றதும் நம் நினைவில் எழுவது முகமே. கண்ணும் புருவமும் இதழும் காட்டும் மாற்றங்களைக் கொண்டே நடிப்பை அளந்து பழகிவிட்டோம். திரைக்கலை அம்முகத்தைப் பன்மடங்கு பெருக்கிக் காட்டியதால் அப்பழக்கம் இன்னும் வேரூன்றிற்று. ஆயின், ஏறத்தாழ ஒரு முழுப் படத்திலும் முகத்தை மறைத்துக்கொண்டு, குரல் ஒன்றையே கருவியாக ஏந்தி, அந்த ஒரு படத்தாலேயே உலகறிந்த நடிகராக உயர்ந்தவர் ஒருவர் உண்டு. அவரே கிளாட் ரெயின்ஸ். அந்தக் குரல் அவருக்குப் பிறவிக் கொடையாக வாய்த்ததன்று. இளமையில் தம் பெயரைக்கூடத் திருத்தமாகச் சொல்ல இயலாதவராக இருந்தவர் அவர்.

தமிழ்த்துறை மலரில் ஆங்கில நடிகருக்கு என்ன வேலை என்று மூத்தோர் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. எழுத்தொலிகள் பிறக்கும் முறையைத் தனி இயலாகவே வகுத்துப் பிறப்பியல் என்று பெயரிட்டவர் தொல்காப்பியர். சொல்வன்மைக்குத் தனி அதிகாரம் தந்தவர் வள்ளுவர். பேச்சை இவ்வளவு மதித்த மொழியைப் பயில்வோர், பேச்சைத் திருத்திப் பேச்சாலேயே வாழ்ந்த ஒருவரின் வரலாற்றை அறிந்துகொள்வதில் பயன் உண்டு. மேலும், வாய் திறக்க அஞ்சிக் கடைசி வரிசையில் அமரும் மாணவர் ஆண்டுதோறும் நம் வகுப்புகளுக்கு வந்துகொண்டேயிருக்கின்றனர். இக்கட்டுரை பெரிதும் அவர்களை எண்ணியே எழுதப்படுகிறது.

தேம்ஸின் தென்கரை

வில்லியம் கிளாட் ரெயின்ஸ் 1889ஆம் ஆண்டு நவம்பர் 10ஆம் நாள் லண்டன் மாநகரில், தேம்ஸ் ஆற்றின் தென்புறத்துப் பகுதியில் பிறந்தார். தந்தை பிரெட் ரெயின்ஸ் ஒரு நாடக நடிகர். புகழும் இல்லை, பொருளும் இல்லை. அவ்வில்லத்தில் பிறந்த பன்னிரு குழந்தைகளுள் எஞ்சியோர் மூவரே. ஏனையோர் போதிய ஊட்டமின்றிச் சிறு பருவத்திலேயே மறைந்தனர். உலகின் பெரும்பகுதியை ஆண்ட பேரரசின் தலைநகரில் இது நடந்தது என்பதை நாம் மறத்தலாகாது. சிறுவன் பள்ளிப்படிப்பை மிக விரைவில் விட்டுவிட்டுத் தெருவில் செய்தித்தாள் விற்றுச் சில காசுகளைத் தாயிடம் கொண்டு சேர்த்தான்.

அவனுடைய பேச்சில் இரு குறைகள் இருந்ததாகப் பிறர் கருதினர். ஒன்று உண்மையான குறை: நா திக்கிற்று, ரகர ஒலி வரவில்லை. ‘ரெயின்ஸ்’ என்னும் தன் குடும்பப் பெயரை ‘வெயின்ஸ்’ என்றே சொன்னான். மற்றொன்று காக்னி எனப்படும் லண்டன் எளிய மக்களின் வழக்கு. சொல்லின் தொடக்கத்தில் வரும் ஹகரத்தை விழுங்குவதும், உயிரொலிகளை வேறு வகையாக வளைப்பதும் அவ்வழக்கின் இயல்புகள். இதனைக் குறை என்று சொல்வது தகுமா? அக்கேள்விக்குப் பின்னர் வருவோம். அன்றைய இங்கிலாந்தில், வாய் திறந்த மறுகணமே ஒருவன் எத்தெருவில் பிறந்தவன், எவ்வளவு மதிக்கத்தக்கவன் என்று அளந்துவிடுவர் என்பதை மட்டும் இங்கு நினைவில் கொள்வோம்.

ட்ரீ செய்த உதவி

1900ஆம் ஆண்டில், பத்து வயதில், நாடகமொன்றில் கூட்டத்துள் ஒரு சிறுவனாக அவன் மேடையேறினான். பின்னர் ‘ஹிஸ் மெஜஸ்டிஸ்’ என்னும் பெரிய நாடக அரங்கில் ஏவற்சிறுவன் வேலை கிடைத்தது. நடிகர்களின் அறைக் கதவைத் தட்டி, அவர்கள் மேடைக்குச் செல்லும் வேளை வந்துவிட்டது என்று அறிவிப்பதே அவ்வேலை. அங்கிருந்து படிப்படியாக உயர்ந்து, படுதாவுக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக்கொடுப்பவராகவும் மேடை நிருவாகியாகவும் ஆனார். பிறர் பேசும் வசனங்களை ஆண்டுக்கணக்கில் இருட்டில் நின்று கேட்டவர் அவர். செவிப்பயிற்சிக்கு அதைவிடச் சிறந்த பள்ளி வேறு கிடைத்திருக்குமா என்பது ஐயமே.

அவ்வரங்கின் உரிமையாளர் சர் ஹெர்பர்ட் பீர்போம் ட்ரீ. அக்காலத்தின் தலைசிறந்த நடிகருள் ஒருவர். 1904ஆம் ஆண்டில் லண்டனில் நாடகக் கலைக்கழகத்தை நிறுவியவர். இளைஞரிடம் திறமை இருப்பதை அவர் கண்டார். அத்திறமைக்கு நாவே தடையாக நிற்பதையும் கண்டார். பேச்சுப் பயிற்சி நூல்கள் வாங்கவும் பாடம் கேட்கவும் தம் பொருளைத் தந்தார். வாய்ச்சொல்லால் ஊக்கம் கூறுவோர் பலர். பையில் கைவிட்டு எடுத்துக் கொடுப்போர் சிலரே. பின்னாளில் உலகம் வியந்த குரலுக்கு முதல் போட்டவர் இந்த ட்ரீ.

இவ்விடத்தில் ஒரு சுவையான செய்தியைக் குறிப்பிட வேண்டும். பெர்னார்ட் ஷாவின் ‘பிக்மேலியன்’ நாடகத்தை நம் ஆங்கில இலக்கிய மாணவர் அறிவர். காக்னி பேசித் தெருவில் பூ விற்கும் பெண்ணுக்கு ஒலிநூற் பேராசிரியர் ஒருவர் உயர்குடிப் பேச்சைக் கற்பித்து, அவளைச் சீமாட்டியாக உலவவிடும் கதை அது. ‘மை ஃபேர் லேடி’ என்னும் இசைப்படமாகவும் 1964இல் வெளிவந்தது. அந்நாடகம் ஆங்கிலத்தில் முதன்முதலாக அரங்கேறியது 1914ஆம் ஆண்டு ஏப்ரலில், இதே ‘ஹிஸ் மெஜஸ்டிஸ்’ அரங்கில்தான். பேராசிரியர் ஹிக்கின்ஸாக நடித்தவர் வேறு எவருமல்லர், இதே ட்ரீதான். ரெயின்ஸை மனத்திற்கொண்டு ஷா எழுதினார் என்று கூற யாதொரு சான்றும் இல்லை. எனினும் மேடையில் ட்ரீ நடித்துக் காட்டியதை, மேடைக்குப் பின்னால் அவர் முன்னரே செய்திருந்தார்.

போரும் பள்ளியும்

முதல் உலகப்போரில் ரெயின்ஸ் ‘லண்டன் ஸ்காட்டிஷ்’ படைப்பிரிவில் சேர்ந்தார். பின்னாளில் திரையில் பெயர் பெற்ற பேசில் ராத்போன், ரொனால்ட் கோல்மன், ஹெர்பர்ட் மார்ஷல் ஆகியோரும் அப்பிரிவில் பணியாற்றியவர்களே. 1916ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் விமி என்னுமிடத்தில் நிகழ்ந்த நச்சுப்புகைத் தாக்குதலில் அவருடைய வலக்கண் பார்வையை ஏறத்தாழ முற்றிலும் இழந்தார். குரல்நாண்களும் புண்பட்டன. பிற்காலத்தில் அவர் குரலில் கேட்கும் மெல்லிய கரகரப்புக்கு இதுவும் ஒரு காரணம் என்பர். பட்டுத்துணியின் உட்புறத்தில் சிறிது சொரசொரப்பு இருப்பதுபோல் இருக்கும் அது. சாதாரணப் படைவீரராகச் சேர்ந்தவர் கேப்டனாக வெளிவந்தார். தெருவில் தாள் விற்ற சிறுவன் அதிகாரியானதற்கு வீரம் மட்டுமன்றி, ட்ரீ ஈட்டித்தந்த பேச்சும் துணைசெய்திருக்கும் என்றே எண்ணத் தோன்றுகிறது.

போர் முடிந்தபின் லண்டன் மேடையில் முன்னணி நடிகரானார். ட்ரீ நிறுவிய நாடகக் கலைக்கழகத்திலேயே ஆசிரியராகவும் அமர்ந்தார். திக்கியவர் திருத்தமுறப் பேசக் கற்பிக்கும் இடத்திற்கு வந்தார். அவரிடம் பயின்றோருள் ஜான் கீல்குட், சார்லஸ் லாட்டன் ஆகிய இருவரும் அடங்குவர் என்றால் அந்த ஆசிரியத்துவத்தின் மதிப்பு விளங்கும். இருபதாம் நூற்றாண்டின் மிக அழகிய ஆங்கில உச்சரிப்பு கீல்குட்டினுடையது என்று சொல்வோர் பலர். லாட்டன் எட்டாம் ஹென்றி மன்னராக நடித்து ஆஸ்கார் விருது பெற்றார். கீல்குட்டும் பின்னாளில் அவ்விருதைப் பெற்றார். ஆசிரியரோ நான்கு முறை அவ்விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டும் ஒருமுறையும் பெறவில்லை.

முகம் மறைத்த படம்

1920களின் பிற்பகுதியில் ரெயின்ஸ் அமெரிக்க மேடைக்குப் பெயர்ந்தார். அக்காலத்தில்தான் படங்கள் பேசத் தொடங்கின. ஊமைப்படங்களில் கோலோச்சிய நட்சத்திரங்கள் சிலர், வாய் திறந்ததும் சரிந்தனர். குரல் உள்ளவர்களை ஹாலிவுட் தேடியது. ஆயினும் நாற்பதைக் கடந்த, உயரம் குறைந்த மேடை நடிகரை எவரும் தேடவில்லை. 1932இல் அவருக்கு எடுக்கப்பட்ட திரைத்தேர்வு சரியாக அமையவில்லை. மேடைக்குரிய மிகையான நடிப்பு அதில் இருந்தது. ஆனால் அத்தேர்வுப் படத்தின் ஒலி ஜேம்ஸ் வேல் என்னும் இயக்குநரின் செவியில் விழுந்தது. அவரும் போரில் ஈடுபட்ட ஆங்கிலேயரே. எச். ஜி. வெல்ஸ் 1897இல் எழுதிய ‘கண்ணுக்குப் புலனாகா மனிதன்’ என்னும் புதினத்தைப் படமாக்க முனைந்திருந்த வேல், முகமே தேவைப்படாத அக்கதைக்குத் தாம் தேடிய குரல் இதுவே என்று முடிவுசெய்தார்.

1933இல் வெளிவந்த அப்படத்தின் தந்திரக் காட்சிகள் எவ்வாறு எடுக்கப்பட்டன என்பதை அறிவியல் மாணவரும் விரும்பி அறிவர். அரங்கம் முழுவதும் கறுப்பு வெல்வெட் துணியால் போர்த்தப்பட்டது. நடிப்பவரும் தலைமுதல் கால்வரை கறுப்பு வெல்வெட் அணிந்து, அதன்மேல் சட்டையும் காற்சட்டையும் தரித்தார். கறுப்பின்மேல் கறுப்பு தெரிவதில்லையாதலால், படச்சுருளில் வெறும் ஆடை மட்டுமே நடமாடும். அப்படச்சுருளைப் பின்னர் வேறொரு பின்புலக் காட்சியோடு இணைத்து அச்சிட்டனர். கணிப்பொறி இல்லாத காலத்தில் ஜான் ஃபுல்டன் என்பவர் செய்த வேலை இது.

ஆனால் நாம் கவனிக்க வேண்டியது ஃபுல்டனின் வெல்வெட்டை அன்று. கட்டுப்போட்ட தலையும் கறுப்புக் கண்ணாடியுமாக விடுதிக்குள் நுழையும் அம்மனிதன் முதலில் களைப்புற்ற ஒருவனாகப் பேசுகிறான். பின் சினம் ஏறுகிறது. பின் உலகை அடக்கி ஆளலாம் என்னும் வெறி தலைக்கேறுகிறது. இம்மூன்று நிலைகளையும் காண்பதற்கு நமக்கு முகம் இல்லை. சொற்களின் நீட்டமும், ஒரு சொல்லுக்கு முன் விடப்படும் சிறு இடைவெளியும், திடீரென உயரும் சிரிப்புமே எல்லாவற்றையும் உணர்த்துகின்றன. மெய்ப்பாடு உடலில் தோன்றுவது என்று படித்திருக்கிறோம். குரலும் உடலின் ஓர் உறுப்பே என்பதை இப்படம் ஐயமற மெய்ப்பிக்கிறது. இறுதியில், இறந்தபின், சில நொடிகள் மட்டும் முகம் மெல்லத் தோன்றி மறைகிறது. அப்போது ரெயின்ஸுக்கு வயது நாற்பத்து நான்கு. இனி முகத்தையும் காட்டலாம் என்று ஹாலிவுட் இசைந்தது.

தீயவரிடத்தும் மனிதனைக் காட்டியவர்

அடுத்த முப்பதாண்டுகளில் அவர் நடித்த படங்கள் மிகப் பல. ‘ராபின் ஹுட்’ (1938) படத்தின் இளவரசர் ஜான், ‘ஓநாய் மனிதன்’ (1941) படத்தின் தந்தை என எல்லாவற்றையும் இங்குப் பட்டியலிடுவது வீண். கதைத் தலைவராக அவர் நடித்தவை குறைவு. பெரும்பாலும் எதிர்நிலை மாந்தரே அவருக்கு வாய்த்தனர். அவர்களைக் கொடியவராக மட்டும் காட்டாமல், தவறு செய்கிறோம் என்பதை அறிந்தே செய்யும் மனிதராகக் காட்டியதே அவருடைய தனிச்சிறப்பு என்பது என் கருத்து.

‘மிஸ்டர் ஸ்மித் கோஸ் டு வாஷிங்டன்’ (1939) படத்தில் அவர் செனட்டர் பெயின். இளமையில் இலட்சியவாதி, பிறகு ஊழற்கூட்டத்தின் கைப்பாவை. உண்மைக்காகப் போராடும் இளம் உறுப்பினர்மேல், மன்றத்தில் எழுந்து நின்று, வெண்கல மணிபோன்ற குரலில் பொய்க்குற்றம் சாட்டுகிறார். பொய்யை இவ்வளவு கண்ணியமாகச் சொல்ல இயலுமா என்று அஞ்சும் அளவுக்கு அப்பேச்சு அமைந்திருக்கிறது. அழகிய குரல் அறத்தின் பக்கமே நிற்கும் என்று நம்புவோர் இக்காட்சியைக் காண வேண்டும். முடிவில் மனச்சான்று தாங்காமல் அதே குரல் உடைந்து, தன் குற்றத்தைத் தானே அம்மன்றத்தில் கதறிச் சொல்கிறது. படத்தின் தலைவர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்; எனினும் நெஞ்சில் தங்குவது பெயினின் அந்த உடைந்த குரலே.

அதே ஆண்டில் வந்த ‘ஹுவாரெஸ்’ படத்தில் அவர் மூன்றாம் நெப்போலியன். எதிரே நின்று மன்றாடும் அரசியாக நடித்தவர் பெட்டி டேவிஸ். ரெயின்ஸ் தம்மை நோக்கிய வெறுப்பைக் கண்டு, அது பாத்திரத்தின் வெறுப்பு என்று தோன்றாமல், தம் நடிப்பைத்தான் அவர் வெறுக்கிறார் என்று எண்ணி நடுங்கிப்போனதாக டேவிஸ் பின்னர் கூறியிருக்கிறார். பிற்காலத்தில் இருவரும் நெருங்கிய நண்பர்களாயினர். ‘மிஸ்டர் ஸ்கெஃபிங்டன்’ (1944) படத்தில் டேவிஸின் கணவராக, நாஜிகளின் வதைமுகாமில் பார்வையிழந்து வீடு திரும்பும் யூத வணிகராக ரெயின்ஸ் நடித்தார். ஒரு கண் பார்வையை மெய்யாகவே போருக்குப் பறிகொடுத்தவர் அவர் என்பது அக்காட்சியைக் கண்டவர்களுள் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

‘காசாபிளாங்கா’ (1942) பலரும் அறிந்த படம். மொராக்கோ நாட்டின் துறைமுக நகரில், நாஜிகளுக்கு அடங்கிய பிரெஞ்சு ஆட்சியின் காவல் தலைவர் ரெனோவாக வருகிறார் ரெயின்ஸ். கையூட்டு வாங்குகிறார், அதை மறைக்கவும் இல்லை. காற்று வீசும் பக்கம் சாய்பவர் என்று தம்மைத் தாமே எள்ளி நகையாடுகிறார். இறுதியில், அடிமையாட்சியின் தலைநகரான விஷியின் பெயர் பொறித்த நீர்ப்புட்டியைக் குப்பைக்கூடையில் எறிகிறார். ஒரு மனிதன் பக்கம் மாறுவதற்கு அந்தச் சிறு செயலே போதுமானதாயிற்று. மொராக்கோ மண்ணின் மக்கள் அப்படத்தில் வெறும் பின்திரையாகவே நிற்கின்றனர் என்னும் மனக்குறை எனக்குண்டு. அது ரெயின்ஸின் பிழையன்று.

ஹிட்ச்காக் இயக்கிய ‘நொட்டோரியஸ்’ (1946) படத்தில் நாஜிச் சதிகாரன் செபாஸ்டியன். தன்னை வேவு பார்க்க வந்த பெண்ணை உண்மையாகவே நேசித்துவிடுகிறான். அப்பாத்திரத்தில் நடித்த இங்கிரிட் பெர்க்மன் ரெயின்ஸைவிட உயரமானவர். ஆதலால் சில காட்சிகளில் அவரை உயர்த்திக் காட்டத் தரையில் சரிவுப் பலகை அமைத்தார்களாம். உயரக் குறைவு நடிப்புக்கு நன்மையே செய்தது: அண்ணாந்து நோக்கும் அக்காதலில் இரக்கம் பிறக்கிறது. படத்தின் முடிவில், தன்னைக் கொல்லப்போகும் கூட்டாளிகள் காத்திருக்கும் வீட்டிற்குள், படியேறித் திரும்பி நடக்கிறான் அவன். கொடியவன் ஒருவன் தண்டனைக்குச் செல்கையில் நம் நெஞ்சு ஏன் கனக்கிறது என்று நம்மை நாமே கேட்டுக்கொள்கிறோம்.

1945இல் ஷாவின் ‘சீசரும் கிளியோபாத்ராவும்’ படத்தில் சீசராக நடித்ததும், 1951இல் ஆர்தர் கோஸ்லரின் புதினத்தைத் தழுவிய ‘டார்க்னஸ் அட் நூன்’ நாடகத்திற்காக டோனி விருது பெற்றதும் அவருடைய வாழ்வின் குறிப்பிடத்தக்க நிகழ்ச்சிகள். பின்னதில், சோவியத் சிறையில் அடைபட்டவர்கள் சுவரைத் தட்டித் தட்டியே ஒருவரோடொருவர் பேசிக்கொள்வர். குரலால் வாழ்ந்த நடிகருக்கு உயரிய மேடை விருதை ஈட்டித்தந்தது அத்தகைய நாடகம்.

பெற்றதும் விட்டதும்

மேலே ஒரு கேள்வியை விட்டுவந்தோம். திக்குவாயும் காக்னியும் ஒரே வகைக் குறைகளா? அல்ல. திக்குவாய் பேச விரும்புபவனைப் பேசவிடாமல் தடுப்பது. அதைக் கடக்க உதவுவது நற்செயல். காக்னியோ தாய் பேசிய பேச்சு. அன்றைய லண்டன் மேடை இரண்டையும் ஒரே துடைப்பத்தால் பெருக்கித் தள்ளியது. ட்ரீயும் அவ்வாறே கருதினார். அவருடைய கொடையை மதிக்கும் அதே வேளையில் இதனையும் சொல்லியாக வேண்டும். ‘பிக்மேலியன்’ நாடகத்தின் இறுதிப்பகுதியில், பேச்சு மாறிய அப்பெண் இனி எங்கே போவாள் என்பதே பெருவினாவாக எழுகிறது. பழைய தெருவுக்கும் அவள் உரியவளல்லள்; புதிய மாளிகைக்கும் உரியவளல்லள்.

நம் வகுப்பறையில் ழகரம் வாராத மாணவரும் உளர். தம் ஊர்வழக்கில் பேசுவதாலேயே நகைக்கப்படும் மாணவரும் உளர். முன்னவருக்குப் பயிற்சி வேண்டும். பின்னவருக்கு வேண்டுவது பயிற்சியன்று. நகைப்போரை அடக்கும் ஆசிரியர் ஒருவரே. மேடைத்தமிழ் ஒன்றைக் கூடுதலாகக் கற்றுக்கொள்ளலாம், கற்றே ஆகவேண்டும். அதற்கு விலையாகப் பாட்டியின் தமிழைக் கேட்பது என்ன நீதி? இவ்விரண்டையும் பிரித்தறியாத திருத்தம் பல பிள்ளைகளை முற்றாக ஊமையாக்கிவிடுவதைக் கண்டிருக்கிறோம்.

ரெயின்ஸ் தம் பழைய பேச்சை முழுதும் இழந்துவிடவில்லை என்பது ஆறுதல் தரும் செய்தி. 1939இல் அமெரிக்கக் குடிமகனாகி, பென்சில்வேனியா மாநிலத்தில் நிலம் வாங்கி, படப்பிடிப்பு இல்லாத நாள்களில் வேளாண்மை செய்து வாழ்ந்தார். திருமணங்கள் ஆறு, மகள் ஒருவரே. இல்லறத்தில் அவர் கண்ட அமைதி குறைவு என்பது அவ்வெண்ணிக்கையாலேயே தெரியும். அம்மகளுக்கு அவர் சில வேளைகளில் பழைய காக்னிப் பாடல்களைப் பாடிக் காட்டுவார். வேடிக்கையாக அப்பேச்சையும் பேசுவார். அது அவ்வளவு அழுத்தமான வழக்கு. மகளுக்கு ஒரு சொல்லும் விளங்காதாம்.

1962இல் டேவிட் லீனின் ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’ வெளிவந்தது. அதில் கெய்ரோ நகரத்து ஆங்கில அதிகாரி டிரைடனாக அவர் வருகிறார். அரபு மக்களுக்கு விடுதலை வாக்களித்துக்கொண்டே, அவர்தம் நிலத்தைப் பங்கிட 1916இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் செய்துகொண்ட மறைமுக உடன்படிக்கையை லாரன்ஸிடம் அவிழ்த்துச் சொல்வது இப்பாத்திரமே. குரல் உயரவில்லை, முகத்தில் ஒரு சலனமும் இல்லை. பேரரசு எவ்வாறு பேசும் என்பதை, அப்பேரரசின் தலைநகரில் பசித்துக் கிடந்த வீட்டில் பிறந்தவர் எழுபத்திரண்டு வயதில் பேசிக் காட்டினார். 1965இல் வெளிவந்த, ஏசுநாதரின் வரலாறு கூறும் பெரும்படத்தில் ஏரோது மன்னராக நடித்ததே திரையில் அவர் இறுதியாக ஏற்ற வேடம். 1967ஆம் ஆண்டு மே 30ஆம் நாள், எழுபத்தேழாம் வயதில், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் காலமானார். அங்கேயே ஒரு சிற்றூர்க் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.